ரேங்க் ஏறினால் ரேஷன் வருமா?

போன மாதம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர், மொபைல் கேம் ஆடும் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரியில் சொல்லச் சொன்னார். "போட்டிக்கு ஆடுகிற பிள்ளையைத் தடுக்காதீர்கள்" என்று எழுதி வைத்தேன். ஒரு வரியில் பதில் சொன்னதற்குத் தண்டனையாக வந்து விழுந்திருக்கின்றன கடிதங்கள், பாதிக்கு மேல் திட்டு. சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: அண்ணே, எனக்கு அம்மாப்பேட்டையில் நாலு தறி ஓடுகிறது. பையன் பிளஸ் ஒன். போனில் ஆடுவது பி.ஜி.எம்.ஐ.யாம், இந்தியாவுக்கென்று வந்த பப்ஜி. சாயங்காலம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குகிறான். கேட்டால், "அப்பா இது கேம் இல்ல, இ-ஸ்போர்ட்ஸ், கவர்மெண்டே ஸ்போர்ட்ஸ்னு சொல்லிடுச்சு" என்கிறான். நிஜமா? இதில் நல்லது என்று ஏதாவது இருக்கிறதா, ஆராய்ச்சி ஏதாவது உண்டா, இல்லை நீங்களும் பசங்களுக்கு ஒத்து ஊதுகிறீர்களா?
– ஒரு தகப்பன், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: பையன் பொய் சொல்லவில்லை அண்ணே. 2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை, அதாவது போட்டியாக ஆடுகிற வீடியோ கேமை, விளையாட்டுத் துறையின் பொறுப்பில் சேர்த்தது. அதற்கு முன்பே 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இதைக் காட்சிப் போட்டியாக வைத்தார்கள், குஜராத்தின் பூஜ் ஊரைச் சேர்ந்த தீர்த் மேத்தா என்ற இளைஞர் 'ஹார்த்ஸ்டோன்' என்ற சீட்டாட்ட மாதிரியான கேமில் வெண்கலம் வாங்கினார். அடுத்த ஆசிய விளையாட்டு, 2023இல் ஹாங்சோவில் நடந்ததே, அதில் நிஜப் பதக்கத்துக்கே போட்டி வந்துவிட்டது.

ஆனால் அரசு சொல்லிவிட்டது என்பதற்காக உங்கள் மாடியில் நடப்பதெல்லாம் ஸ்போர்ட்ஸ் ஆகிவிடாது. காந்தி ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறவர்கள் எல்லாரும் ஓட்டப்பந்தய வீரர்களா என்ன?

நான் இதைப் பேச எனக்கு ஒரு தகுதி உண்டு. இருபது வருஷத்துக்கு முன்னால் நாலு ரோட்டுப் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். எட்டு கம்ப்யூட்டர், எட்டையும் லேன் கேபிளில் இணைத்திருப்பேன், மணிக்குப் பதினைந்து ரூபாய். பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்க்க வருகிற கூட்டம் வருஷத்துக்கு ஒரு நாள். மீதி நாளெல்லாம் எனக்குச் சோறு போட்டது கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி கேம். அப்போது இரண்டு வகைப் பசங்களைப் பார்த்தேன். ஒரு வகை வரும், கண்டபடி சுடும், கத்தும், காசு தீர்ந்ததும் போகும். மூன்று வருஷம் கழித்தும் அதே ஆட்டம்தான். இன்னொரு வகை அஞ்சு பேராகச் சேர்ந்து வரும். அதில் ஒரு பையன், வாயே திறக்க மாட்டான், செவ்வாய்ப்பேட்டை டீமிடம் ஒருமுறை மோசமாகத் தோற்றுவிட்டு என் பில் புக்கின் பின்பக்கத்தில் அந்த மேப்பை அப்படியே வரைந்து, யார் எங்கே நின்றோம், எந்தச் சந்தில் யாரும் இல்லாமல் விட்டோம் என்று மற்ற நாலு பேருக்கும் புள்ளி வைத்துக் காட்டிக்கொண்டிருந்தான். பில் புக்கை வீணாக்கியதற்கு நான் திட்டினேன், அது வேறு விஷயம். அடுத்த வாரம் அதே டீமை ஜெயித்தார்கள்.

அந்தப் பையன் இன்று சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறான். போன தடவை போயிருந்தபோது அவன் டிரைவர்களோடு போனில் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்: எங்க இருக்க, எவ்ளோ நேரம், லோடு இறங்கினதும் எங்க. மூன்றே கேள்வி, போன் கட். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கேம் ஆடும்போது ஹெட்போனில் கொடுக்கிற 'கால்' அப்படியே அதேதான். கேம் ஆடியதால்தான் லாரி ஆபீஸ் வந்தது என்று சொல்ல நான் முட்டாள் இல்லை, அவன் அப்பாவும் லாரிக்காரர்தான். ஆனால் பதட்டத்தில் நாலு வார்த்தைக்குள் விஷயத்தைச் சொல்லக் கற்றுக்கொண்ட இடம் என் கடைதான் என்று அவனே சொல்கிறான்.

இப்போது உங்கள் பையன் ஆடுவது பி.ஜி.எம்.ஐ. என்று எழுதியிருக்கிறீர்கள். போட்டியில் அது எப்படி நடக்கிறது என்று ஒரு நிமிஷம் கேளுங்கள். ஒரு டீமுக்கு நாலு பேர், வழக்கமாக 16 டீம், ஆக 64 பேர் ஒரே மைதானத்தில். ஒருவரை வீழ்த்தினால் ஒரு பாயின்ட். கடைசிவரை நிற்கிற டீமுக்கு 10 பாயின்ட். கணக்கைப் பார்த்தாலே தெரியும், சுட்டுக்கொண்டே திரிகிறவனைவிட எப்போது ஒதுங்குவது, எப்போது இடம் மாறுவது என்று தெரிந்தவனுக்குத்தான் மதிப்பு. பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், அதற்குள் நாலு பேரும் உயிரோடு போய்ச் சேர வேண்டும், ஒருவன் சொல்ல மற்ற மூவர் கேட்க வேண்டும், சொன்னவன் தப்பு செய்தாலும் அந்த நேரத்தில் சண்டை போடக் கூடாது. ஆட்டம் முடிந்த பிறகு போடலாம். நம் வீடுகளில் எத்தனை பெரியவர்களுக்கு இது வருகிறது, சொல்லுங்கள்.

ஆராய்ச்சி இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. 2003இல் 'நேச்சர்' இதழில் கிரீன், பவேலியர் என்ற இருவர் எழுதினார்கள்: கேமே ஆடாதவர்களைப் பத்து நாள், தினம் ஒரு மணி நேரம் வேகமான சண்டை கேம் ஆட வைத்தபோது, ஒரே நேரத்தில் பல இடங்களைக் கவனிக்கும் திறன் கூடியது, டெட்ரிஸ் ஆடியவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. தினம் ஒரு மணி நேரம் என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள், நாலு மணி நேரம் இல்லை. இதனால் கணக்குப் பாடத்தில் மார்க் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்த ஆராய்ச்சி அப்படிச் சொல்லவே இல்லை.

சரி, உங்கள் பையன் எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு வழி. இன்று ராத்திரி சாப்பிடும்போது, திட்டாமல், "கடைசியா தோத்தீங்களே, ஏன்டா தோத்தீங்க?" என்று கேளுங்கள். "நெட் லேக்", "கூட ஆடினவன் சரியில்ல" என்றால் அவன் வெறுமனே பொழுதைத் தள்ளுகிறான். "வட்டத்துக்குள்ள லேட்டா போனோம், நான் தப்பான வீட்டைப் பிடிக்கச் சொல்லிட்டேன்" என்றால், அண்ணே, அவன் கற்றுக்கொண்டிருக்கிறான். உங்களுக்குத் தெரியாததா, இழை அறுந்தால் நல்ல நெசவாளி தறியைத் திட்டுவாரா, எந்த இழை என்று தேடுவாரா?

இரண்டாவது வகை என்றால் பேரம் பேசுங்கள். வாரத்தில் மூன்று நாள் டீமோடு பிராக்டீஸ், இத்தனை மணிக்கு ஆரம்பம், இத்தனை மணிக்கு முடிவு, அந்த நேரத்தில் நீங்களும் மாடிப்படியில் நின்று கூப்பிடக் கூடாது (ஆட்டத்துக்கு நடுவில் எழுந்து வந்தால் மூன்று பேர் மாட்டிக்கொள்வார்கள், கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பரைக் கடைக்கு அனுப்புவது மாதிரி). மீதி நாள் போன் உங்களிடம். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை கண்ணை எடுத்துத் தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மாடியிலிருந்து சேர்வராயன் மலை தெரியுமே, அதைப் பார்க்கட்டும்.

கேள்வி: என் மகன் 'யூ.சி. வாங்கணும், முந்நூறு ரூபாய் கொடும்மா' என்கிறான். ஆன்லைன் விளையாட்டுக்கே தடை வந்துவிட்டது என்று டி.வி.யில் சொன்னார்களே, போலீஸ் கேஸ் ஆகிவிடுமா?
– ஒரு அம்மா, கொண்டலாம்பட்டி

பதில்: பயப்படாதீர்கள் அக்கா. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடுப்பது காசு வைத்து ஆடுகிற ஆட்டங்களை, அதாவது பணம் கட்டி, ஜெயித்தால் பணம் வரும் என்று ஆடுபவை. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து, இதை வளர்க்க வேண்டும் என்கிறது. போட்டியில் சேர நுழைவுக் கட்டணம் வாங்கலாம், ஜெயித்த டீமுக்குப் பரிசு கொடுக்கலாம். யார் ஜெயிப்பார் என்று வெளியே இருந்து பந்தயம் கட்டினால்தான் தப்பு. தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராக 2022இலேயே தனிச் சட்டம் போட்டாயிற்று, அது எத்தனை குடும்பங்களின் கண்ணீருக்குப் பிறகு வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

யூ.சி. என்பது கேமுக்குள் செலவழிக்கிற காசு. அதைக் கொடுத்துச் சட்டை வாங்கலாம், துப்பாக்கிக்குப் பெயின்ட் அடிக்கலாம். ஆட்டத்தில் ஜெயிக்க அது தேவையே இல்லை, நன்றாக ஆடுகிறவனை வெறும் பனியனோடு இறக்கிவிட்டாலும் நன்றாகத்தான் ஆடுவான். நான் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். முக்கியமாக, 'கிரேட்' என்று ஒரு பெட்டி இருக்கும், காசு கட்டித் திறந்தால் என்ன வரும் என்று தெரியாது. நம் திருவிழாவில் வளையம் எறிகிற கடைதான் அது, லைட் மட்டும் அதிகம். தீபாவளிக்குத் துணிக்குப் பதிலாக இது வேண்டும் என்று அவனே கேட்டால் ஒருமுறை யோசிக்கலாம். உங்கள் யூ.பி.ஐ. பின் நம்பரை மட்டும் அவனுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று. பி.ஜி.எம்.ஐ.யை 2022 ஜூலையில் போனில் ஆப் இறக்குகிற கடையிலிருந்தே தூக்கினார்கள், 2023 மே மாதம் திரும்பி வந்தபோது 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான் என்று வரம்பு வைத்துத்தான் விட்டார்கள். உங்கள் மகன் அதற்கு மேல் ஆடுகிறான் என்றால் அக்கவுண்டில் பிறந்த தேதி யாருடையது என்று ஒருமுறை பாருங்கள். உங்களுடையதாக இருக்கும்.

கேள்வி: செஸ் ஆடினால் மூளை வளரும், பப்ஜி ஆடினால் மூளை அழுகும் என்கிறார் எங்கள் தாத்தா.
– 9ஆம் வகுப்பு மாணவன், ஓமலூர்

பதில்: 2025இல் ரியாத்தில் நடந்த இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் செஸ்ஸும் ஒரு போட்டி, ஜெயித்தவர் மேக்னஸ் கார்ல்சன் என்று தாத்தாவிடம் சொல். அப்புறம் அவரோடு ஒரு ஆட்டம் செஸ் ஆடு, அவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார் போலிருக்கிறது.

கேள்வி: அண்ணா, நான் ஏற்காட்டில் இருந்து எழுதுகிறேன், கல்லூரி முதல் வருஷம். வலோரன்ட் என்ற துப்பாக்கி கேம் ஆடுகிறேன், டீமுக்கு அஞ்சு பேர், நன்றாகவே ஆடுகிறேன். ஆனால் மைக்கை ஆன் பண்ணி ஒரு வார்த்தை பேசினால் போதும், 'பொண்ணா? சமையல் பண்ணப் போ' என்பதில் ஆரம்பித்து எழுத முடியாத பேச்சு வரை வருகிறது. மழை பெய்தால் கரண்டும் போகும், நெட்டும் போகும். விட்டுவிடலாமா?
– ஏற்காடு

பதில்: விடாதேம்மா. மைக்கை மூடிக்கொண்டு ஆடு என்று உனக்குப் பலரும் அறிவுரை சொல்லியிருப்பார்கள். அது தப்பான அறிவுரை, ஏனென்றால் அந்த கேமில் பாதி ஆட்டமே பேச்சுதான், மைக்கை மூடினால் அந்தப் பையன்கள் ஆசைப்பட்டதே நடந்துவிடும். தெரியாதவர்களோடு ரேங்க் ஆடுவதைக் குறைத்து, தெரிந்த நாலு பேரைச் சேர்த்துக்கொள். கல்லூரியில் கேட்டுப் பார், உன்னைப் போலவே மைக்கை மூடிக்கொண்டு ஆடுகிற இன்னும் நாலு பெண்கள் இருப்பார்கள், ஒருவரை ஒருவர் தெரியாமல். தப்பாகப் பேசுகிறவனை அந்த இடத்திலேயே மியூட் பண்ணி, ஆட்டம் முடிந்ததும் ரிப்போர்ட் போடு. பதில் பேசாதே, அது அவனுக்குக் கிடைக்கிற பரிசு. இந்த கேமை நடத்துகிற கம்பெனியே 2021இல் பெண்களுக்கென்று 'கேம் சேஞ்சர்ஸ்' என்ற போட்டி வரிசையை ஆரம்பித்தது இந்தப் பிரச்சினை உலகம் முழுக்க இருப்பதால்தான்.

நெட் விஷயம்: அந்த கேமை நடத்துகிற கம்ப்யூட்டர், அதாவது சர்வர், மும்பையில் இருக்கிறது, நீ அழுத்துவது மலையிலிருந்து மும்பை போய் வருவதற்கு ஆகும் நேரத்தைத்தான் பிங் என்கிறோம். வைஃபையை நம்பாமல் ரூட்டரிலிருந்து கேபிளை நேராக லேப்டாப்பில் செருகு, தடுமாற்றம் பாதி குறையும். ரூட்டருக்கு ஒரு சின்ன யூ.பி.எஸ். வாங்கி மாட்டிவிட்டால், கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில் அந்த ஒரு ஆட்டத்தையாவது முடிக்கலாம். ஆடி மாதக் காற்றில் மரம் விழுந்து லைனே அறுந்தால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது, காபி போட்டுக் குடி.

கேள்வி: நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். ஏழு அரியர். எங்கள் ஸ்குவாட் செம ஃபார்மில் இருக்கிறது. படிப்பை நிறுத்திவிட்டு ஒரு வருஷம் முழு நேரமாக ஆடிப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். வீட்டில் சொல்ல ஒரு நல்ல பாயின்ட் கொடுங்கள்.
– அஸ்தம்பட்டி

பதில்: கொடுக்க மாட்டேன் தம்பி. ஏழு அரியர் இருக்கிறதால்தான் முழு நேர ஆட்டக்காரனாக ஆகலாம் என்று தோன்றுகிறது, உனக்கே தெரியும்.

நம் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் ஆரம்பித்து 2020இல் இந்திய அணிக்கே போனார், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் ஆடிய அதே மைதானங்களில் டென்னிஸ் பந்து வீசியவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை ஆயிரம் பேர், அவர்கள் எல்லாம் இப்போது என்ன செய்கிறார்கள்? கடை வைத்திருக்கிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள், வெள்ளிப் பட்டறையில் கொலுசு செய்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறார்கள். அவர்கள் ஆடியது வீண் இல்லை. சோறு வேறு இடத்திலிருந்து வருகிறது, அவ்வளவுதான். உங்கள் கேமில் இன்னொரு சிக்கலும் உண்டு: கிரிக்கெட்டை யாரும் ஒரே ராத்திரியில் கடையிலிருந்து எடுத்துவிட முடியாது. 2020 செப்டம்பரில் பப்ஜி தடை வந்த அன்று, முந்தின நாள் வரை 'ப்ரோ பிளேயர்' என்று சொல்லிக்கொண்டிருந்த பசங்க என்ன ஆனார்கள் என்று யோசி.

செய்ய வேண்டியது இது. வாரத்துக்கு இரண்டு நாள் ஸ்க்ரிம்ஸ் (வேறு டீம்களோடு பயிற்சி ஆட்டம்) வைத்துக்கொள், நுழைவுக் கட்டணம் இல்லாத போட்டிகளில் டீமைப் பதிவு செய். தோற்றாலும் ஒரு வருஷம் அதே நாலு பேர் சேர்ந்து நிற்கிறீர்களா என்று பார். நாலு பேரில் எவனாவது மேட்சைத் தமிழில் கமெண்டரி சொல்ல வருகிறவனா, வீடியோ வெட்டத் தெரிந்தவனா, ரூம் ஐ.டி. கொடுத்து 64 பேரை நேரத்துக்கு உள்ளே ஏற்றி ஸ்கோர் போட்டு ஒரு போட்டியையே நடத்தத் தெரிந்தவனா? ஆடுகிறவனைவிட அவனுக்கு வேலை கிடைக்க வாய்ப்பு அதிகம், கல்யாண வீடியோ எடுத்தாவது பிழைத்துக்கொள்வான். அப்புறம், அரியரில் முதலில் சுலபமான இரண்டை எழுது.

கேள்வி: போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்துக் கோபம் வந்தது. என் மகன் ராத்திரி தூங்குவதில்லை, போனை வாங்கினால் கதவை உடைக்கிறான், ஸ்கூலுக்கு ஆறு மாதமாகச் சரியாகப் போகவில்லை. இதையும் தடுக்காதீர்கள் என்பீர்களா?
– பெயர், ஊர் வேண்டாம்

பதில்: மாட்டேன். உங்கள் கோபம் நியாயம். நான் எழுதிய ஒரு வரி உங்களைப் போன்றவர்களை நினைக்காமல் எழுதியது, மன்னிக்க வேண்டும்.

நீங்கள் சொல்வது போட்டியும் இல்லை, பொழுதுபோக்கும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் இதை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, அந்தப் பட்டியல் 2022இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அவர்கள் பார்ப்பது மூன்று: ஆட்டத்தை நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விட ஆட்டமே பெரிதாகிவிடுவது, கெடுதல் நடப்பது தெரிந்தும் தொடர்வது. பொதுவாக ஒரு வருஷம் இப்படி இருந்தால் நோய் என்பார்கள், கடுமையாக இருந்தால் அவ்வளவு காத்திருக்க வேண்டாம். எத்தனை மணி நேரம் என்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை, கவனித்தீர்களா? ஆக்ஸ்ஃபோர்டில் 2022இல் கிட்டத்தட்ட 39,000 பெரியவர்களின் ஆட்ட நேரத்தைக் கம்பெனிகளிடமிருந்தே வாங்கிப் பார்த்தபோதும், ஆடிய நேரத்துக்கும் மனநிலைக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. ஆசைப்பட்டு ஆடுகிறார்களா, ஆடியே தீர வேண்டும் என்று ஆடுகிறார்களா என்பதில்தான் வித்தியாசம் தெரிந்தது. உங்கள் மகன் இரண்டாவது.

போனைப் பிடுங்கி உடைக்காதீர்கள், அது ஒரு நாள்தான் வேலை செய்யும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள், காசு இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். சேலத்துக்கு வர முடிந்தால் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அவன் வர மறுத்தால் முதல் தடவை நீங்கள் மட்டும் போங்கள். தூக்கம் எத்தனை நாளாக இல்லை, ஸ்கூலில் ஏதாவது நடந்ததா, யாராவது அடிக்கிறார்களா என்று டாக்டர் கேட்பார். பல நேரம் கேம் பின்னால் வந்தது, வேறு ஒன்று முன்னால் வந்திருக்கும். போய்வந்து எனக்கு எழுதுங்கள், இதழில் போட மாட்டேன்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே சார், நீங்கள் என்ன ரேங்க்?
– சூரமங்கலம்

பதில்: வெண்கலம். அதிலும் கீழே. அண்ணன் மகனின் ஸ்குவாடில் ஒருநாள் ஆள் குறைந்தது என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். பாராசூட்டில் இறங்கி, யாரோ நம் ஆள்தான் என்று நினைத்து வழிவிட்டு நின்றேன், சுட்டுவிட்டான். இரண்டாவது ஆட்டத்தில் பையன் ரொம்பப் பொறுமையாகச் சொன்னான்: "சித்தப்பா, நீங்க துப்பாக்கியைத் தொடாதீங்க, ஜீப்பை மட்டும் ஓட்டுங்க." இருபது வருஷமாக டூவீலரில் அஞ்சு ரோட்டைத் தாண்டுகிறவன் நான், அதைச் சரியாகச் செய்தேன். அந்த ஆட்டத்தில் நாங்கள் மூன்றாவது இடம்.